கடுகளவுக் காவலன்

சென்ற மாதம் ஆவடிக்குப் போகவேண்டிய காரியம் ஒன்று நமக்கு நேர்ந்தது. அம்பத்தூரைத் தாண்டியதும் எருமை ஒன்று நடுச்சாலையில் தியானத்தில் ஆழ்ந்து நின்றது. சாரதி சட்டென்று பிரேக்கை மிதித்தார். "மோதினாலும் பயமில்லை ஸார்; ஏர்பேக் இருக்கிறது" என்று நமக்குத் தைரியம் சொன்னார். எருமைக்கு அந்த வசதி உண்டா என்பதை அவர் சொல்லவில்லை.

மோதல் நேர்ந்ததென்று அந்தப் பைக்கு யார் போய்ச் சொல்வது? ஸிலிகன் சில்லில் செதுக்கப்பட்ட சிறு பாரம் ஒன்று மெல்லிய விற்களில் தொங்குகிறது. அதன் ஓரத்தில் சீப்பைப்போல் பற்கள்; எதிரே அசையாத இன்னொரு சீப்பு. நடுவில் உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். பஸ் சடக்கென்று நிற்கும்போது நாம் முன்னே சாய்கிறோம் அல்லவா? அந்தப் பாரமும் அப்படியே சாய்கிறது. இடைவெளி மாற, அதிலுள்ள மின்தேக்கமும் மாறுகிறது. அதைக் கணக்குப் பார்த்து, நேர்ந்தது மோதலா, வெறும் பள்ளமா என்று தீர்மானிக்க வேண்டும். பலத்த மோதலில் இதற்குக் கிடைக்கும் அவகாசம் வினாடியில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. நம் ஊர்ப் பள்ளங்களை அறிந்த நேயர்கள் இந்தத் தீர்ப்பின் கஷ்டத்தை உணர்வார்கள்!

எஞ்சினுக்குள் புகும் காற்றின் அழுத்தத்தை அளப்பதும், ஆளில்லாச் சிறு விமானம் எப்பக்கம் சாய்கிறதென்று சொல்வதும் இதே குடும்பத்துக் கருவிகள்தாம்.

ஆவடியில்தான் 1955-இல் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிஸ பாணிச் சமுதாயத்தைப் பற்றித் தீர்மானம் செய்தது. பத்து வருஷம் கழித்து அதே ஆவடியிலிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பூந்தமல்லிக்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் உற்பத்தியாகின்றன. 2019 ஜூலை முதல் புதுக் கார்களில் சாரதிக்கு ஏர்பேக் கட்டாயம். இத்தனையும் இங்கே நடக்க, அந்தக் கடுகளவுச் சில்லு மட்டும் பெரும்பாலும் கடல் கடந்தே வருகிறது. இது நமக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

சாமர்த்தியம் இல்லாமலா? மொகாலியில் உள்ள அரசாங்கக் குறைகடத்தி ஆய்வுக்கூடம் 1989-இல் தீக்கிரையாகி மறுபடி எழுந்தது. அங்கே இத்தகைய நுண்கருவிகளையும் செய்கிறார்கள். பெங்களூர் விஞ்ஞானக் கழகத்திலும் செய்கிறார்கள். ஆனால் மோட்டார் வண்டிக்கு வேண்டியது நூறல்ல, கோடி. அத்தனையும் வெயிலிலும் குலுக்கலிலும் பல வருஷம் பிசகாமல் உழைக்க வேண்டும். விலையோ அற்பம். அம்பத்தூர்ப் பட்டறைகளில் பல்சக்கரத்தை மயிரிழை தவறாமல் கடைவோர் உண்டு. இந்தச் சீப்பின் பல் மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லியது. கடைந்தால் வராது, தூசியில்லாத அறைக்குள் அரித்தெடுக்க வேண்டும். அத்தகைய அறைக்கு ஆகும் செலவில் ஒரு பேட்டையே கட்டிவிடலாம்.