கார் எஞ்சின், ரெண்டு சக்கரம்

நாகர்கோவிலில் ஆக்கர் என்கிற பழைய இரும்புக் கடைகளில் மாருதி 800-இன் எஞ்சின் கியர் பாக்ஸோடு சேர்ந்தே கிடைக்கும். சொந்தமாக பைக் கட்ட ஆசைப்படும் பையன்களின் கண் முதலில் அதில்தான் விழுகிறது. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் மாடலில் ஏறக்குறைய 37 குதிரைசக்தி. 350 சிசி புல்லட்டைப்போல இரண்டு மடங்கு. "எஞ்சின் கெடச்சாச்சு அண்ணே, இனி ஃப்ரேம் மட்டுந்தான்" என்பார்கள். உள்ளதிலேயே சுலபமான வேலைதான் முடிந்திருக்கிறது. எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் மாசக்கணக்கில் உட்கார வேண்டிவரும்.

*

முதலில் பார்க்க வேண்டியது கிராங்க் எந்தத் திசையில் கிடக்கிறது என்பதை. மாருதி 800-இல் எஞ்சின் குறுக்கே கிடக்கும். அதே 796 சிசி எஞ்சின் ஆம்னி வேனில் நெடுக்கே, முன் சீட்டுக்கு அடியில். அங்கே சக்தி புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின்னால் போகிறது.

குறுக்கே வைத்தால் செயின் மாட்டுவது எளிது, ஆனால் அகலம் தாங்காது. மூன்று சிலிண்டர், ஃபிளைவீல், கிளட்ச், கியர் பாக்ஸ் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஓட்டுகிறவனின் முட்டுக்கு இடமில்லை. வளைவில் சாய்த்தால் கியர் பாக்ஸ் ரோட்டில் உரசும். நெடுக்கே வைத்தால் வண்டி ஒல்லியாக வரும், நீளம் கூடிவிடும். சுழற்சியைத் தொண்ணூறு டிகிரி திருப்ப கிரவுன் பினியன் வேறு வேண்டும். நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரை முறுக்கினால் மொத்த வண்டியும் ஒரு பக்கமாக அசையும். மோட்டோ குஸ்ஸியும் பழைய பிஎம்டபிள்யூவும் ஓட்டியவர்களுக்கு இது பழகிய சங்கதி.

*

மாருதி 800 கியர் பாக்ஸுக்குள்ளேயே டிஃபரன்ஷியல் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஆக்சில் வெளியே வரும். பைக்குக்கு ஒன்று போதும். மற்றதைச் சும்மா விட்டால் சக்தி முழுக்க அந்தப் பக்கமாகச் சுற்றி வீணாகப் போகும், செயின் பக்கம் அசையவே அசையாது. அதனால் டிஃபரன்ஷியலைப் பூட்டியாக வேண்டும்.

மீனாட்சிபுரம் பக்கம் ஒரு லேத் பட்டறையில் இதைச் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். கியர்களை டீசலில் கழுவி, பிரஷ் போட்டுத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி இல்லாமல் துடைத்தார் மூத்த மேஸ்திரி. பிறகு கேஸ் விளக்கால் பைய சூடுகாட்டினார். அதற்கப்புறம்தான் வெல்டிங் ராடைத் தொட்டார். ஒரு பல்லில் கொஞ்சம், எதிர்ப்பல்லில் கொஞ்சம், ஒரே இடத்தில் சூடு குவியாதபடி. முடித்ததும் அதை அப்படியே தகர டப்பாவில் இருந்த காய்ந்த சுண்ணாம்புப் பொடிக்குள் புதைத்தார். "தண்ணி கிண்ணி பட்டா சவம் விண்டு போவும் மக்கா. ராத்திரி பூரா உள்ளயே கெடக்கட்டும்." பல்லின் உருக்கு சட்டென்று குளிர்ந்தால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். புத்தகம் சொல்வதும் இதைத்தான், அவர் கைவழியாகக் கற்றிருக்கிறார்.

*

ஸ்பிராக்கெட் கணக்கு. மாருதி 800-இன் 145/70 ஆர்12 டயரின் விட்டம் ஏறத்தாழ 51 செ.மீ. பைக்கின் பின்னால் 18 அங்குலத்தில் 120/80 போட்டால் 65 செ.மீ. சக்கரம் பெரிதானதால் அதே சுற்றுக்கு வண்டி அதிக தூரம் ஓடும், இழுவை குறையும். முன்னால் 15 பல், பின்னால் 19 பல் வைத்தால் காரில் இருந்த விகிதம் திரும்பக் கிடைத்துவிடும். பைக்கின் எடை காரில் பாதிகூட வராது என்பதால் பின்னால் ஒன்றிரண்டு பல்லைக் குறைத்தாலும் இழுக்கும்.

கிளட்ச்: கார் கிளட்ச்சின் ஸ்பிரிங் காலுக்காகச் செய்தது. இடது கைவிரலால் வடசேரி நெரிசலில் பத்து தடவை பிடித்தால் மணிக்கட்டு விட்டுப்போகும். கேபிளை மறந்துவிட்டு மாஸ்டர் சிலிண்டர் வைத்து ஹைட்ராலிக் போடுவதே வழி.

*

என்னைக் கேட்டால் டாடா நானோவின் எஞ்சினைத்தான் எடுப்பேன். இரண்டே சிலிண்டர், 624 சிசி. ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 648 சிசி, அதுவும் இரண்டு சிலிண்டர்தான். கொள்ளளவு கிட்டத்தட்ட ஒன்று, குணம் வேறு. இன்டர்செப்டரின் முறுக்குவிசை 52 நியூட்டன் மீட்டர், 5,000 சுற்றுக்கு மேல் போன பிறகு. நானோ தன் 48-ஐ 3,000 சுற்றிலேயே தந்துவிடும். கார் எஞ்சின் போட்ட பைக்கின் சுகமே இந்த அடிவாரத்து இழுவைதான். சத்தம் எழுப்பாமல், கியர் மாற்றாமல், மேட்டில் ஏறும். சிக்கல் வயரிங்கில். நானோவில் கார்புரேட்டர் கிடையாது. கம்ப்யூட்டரையும் சென்சார்களையும் ஒரு வயர் விடாமல் கழற்றிக்கொண்டு வர வேண்டும். கனெக்டரை வெட்டி எடுத்தவர்கள் பிறகு எஞ்சினைத் திட்டுவது நியாயமில்லை.

*

ஜெர்மனியின் ஃப்ரீடல் முன்ச் 1966-இல் என்எஸ்யூ காரின் நான்கு சிலிண்டர் எஞ்சினை வைத்து மம்முட் பைக்கைக் கட்டினார். எஞ்சின் காற்றில் குளிர்வது, காரிலேயே குறுக்கே கிடந்தது. ரேடியேட்டர் தேவையில்லை, செயின் நேராகப் போகும். தேர்ந்த கண் அது. அப்படியும் எஞ்சினின் இழுப்புக்குக் கம்பிச் சக்கரத்தின் ஸ்போக்குகள் தாங்கவில்லை. பின்சக்கரத்தையே மெக்னீசியக் கலவையில் வார்த்துப் போட்டார். அந்தச் சக்கரத்துக்காகவே அவரைக் கும்பிடலாம்.

பிரேசிலில் 1970-களில் வெளிநாட்டு பைக் இறக்குமதி நின்றபோது, ஃபோக்ஸ்வாகன் பீட்டில் எஞ்சினில் அமேசோனாஸ் பிறந்தது. 1,600 சிசி, 400 கிலோவுக்குப் பக்கம், ரிவர்ஸ் கியர் உண்டு. அந்த எடைக்கு ரிவர்ஸ் அவசியம்தான். அமெரிக்காவின் பாஸ் ஹாஸ் ஷெவர்லே வி8-ஐயே ஏற்றியது. எனக்கு அதில் ருசி இல்லை.

*

நம் மாநிலத்துக் கதை திருவொற்றியூரில் இருக்கிறது. அங்கே என்ஃபீல்டு கட்டிய டாரஸ், டீசல் புல்லட். கார் எஞ்சின் இல்லைதான். லொம்பார்டினி நிறுவனம் வடிவமைத்த 325 சிசி எஞ்சின், 6.5 குதிரைசக்தி, பம்புசெட்டிலும் ஜெனரேட்டரிலும் ஓடிய இனம். மணிக்கு 65 கி.மீ. தாண்டாது, அதிர்வில் கண்ணாடி நிற்காது. ஆனால் புல்லட்டின் ஃப்ரேம், புல்லட்டின் கியர் பாக்ஸ். எந்த ஊர் மெக்கானிக்கும் கைவைக்கலாம். வேறொரு எஞ்சினை பைக்கில் பொருத்துவதில் இவ்வளவு அடக்கமான, இவ்வளவு புத்திசாலித்தனமான வேலையை நான் பார்த்ததில்லை. புகை விதிகள் இறுகியதும் 2000-ஐ ஒட்டி அது நின்றுபோனது.

*

சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறித்ததற்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரள உயர்நீதிமன்றம் கொஞ்சம் நெகிழ்வு காட்டியிருந்தது. அந்தத் தீர்ப்பை 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில், ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ என்றும் வந்தது.

தடையின் காரணம் எனக்குப் புரிகிறது. 37 குதிரைசக்தியை புல்லட்டின் பழைய டிரம் பிரேக்கோடு ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் விட்டால் போவது ஓட்டுகிறவன் உயிர் மட்டுமல்ல. ஆனால் பிரிட்டனில் தனியாள் கட்டிய ஒற்றை பைக்கைச் சோதித்துப் பதிவுசெய்ய முறை இருக்கிறது. ஜெர்மனியில் டியூவ் பொறியாளர் மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து ஒப்புதல் தருகிறார். இங்கும் அது வேண்டும். பிரேக் தூரம், ஃப்ரேமின் வெல்டிங், புகை, சத்தம் என்று நாலையும் அளந்து, தேறினால் ஆர்.சி., தேறாவிட்டால் திருத்திக்கொண்டு வா என்று சொன்னால் போதும். டிஃபரன்ஷியலைச் சுண்ணாம்பில் புதைக்கத் தெரிந்த ஆட்கள் திருத்திக்கொண்டு வருவார்கள்.