தாடி வேண்டாத நாடகம்

முன்னர் நாம் பணியாற்றிய பங்கில் பெண்பிள்ளைகளுக்கான உயர்நிலைப் பள்ளி ஒன்று இருந்தது. அதன் ஆண்டு விழா சனவரித் திங்களில் நிகழும். அக்டோபர் செபமாலைப் பக்தி முயற்சிகள் முடிந்த கையோடு, தலைமையாசிரியையாகிய அருட்சகோதரி அறைவீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்து, "இந்த ஆண்டு என்ன நாடகம், ஃபாதர்?" என்று கேட்பார். குருமடத்தில் பயின்ற நாள்களில் நாம் மேடை ஏறியவர் என்ற செய்தி எப்படியோ அவர் செவிக்கு எட்டியிருந்தது.

குருமட நாடகங்களில் நடிப்போர் அனைவரும் ஆண்களே. மரியன்னை வேண்டுமெனில் மீசை அரும்பாத இளையவர் ஒருவருக்கு நீல முக்காடு இட்டு நிறுத்துவோம். ஆதலால், பெண்கள் பள்ளியில் ஆண் வேடம் ஓர் இடராக நமக்குத் தோன்றவில்லை. அங்கே முக்காடு, இங்கே தாடி. கணக்கு நேராகிவிட்டது என்று எண்ணினோம்.

இந்த எண்ணத்தோடுதான் 2016-ஆம் ஆண்டு விழாவிற்கு யோசேப்பின் வரலாற்றை எடுத்துக் கொடுத்தோம். அதில் யாக்கோபு உண்டு, புதல்வர் பன்னிருவர் உண்டு, பார்வோன் உண்டு, சிறைக் காவலர் உண்டு. பெண் வேடம் ஒன்றே ஒன்று. அது போத்திபாரின் மனைவி. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது தகாது என்று அருட்சகோதரி அதனையும் நீக்கிவிட்டார்! ஆக, பெண்கள் மட்டுமே நடித்த அந்த நாடகத்தில் பெண் ஒருத்திகூட இல்லை. பெட்டி நிறையத் தாடிகள் வாடகைக்கு வந்தன. யோசேப்பைத் தழுவிக்கொண்டு யாக்கோபு அழுதபோது தாடி கழன்று மகனின் தோளில் தொங்கியது. ஊரே சிரித்தது. நாமும் சிரித்தோம்.

விழா முடிந்தபின் ஒரு பெண்பிள்ளை அட்டையில் செய்த ஈட்டி ஒன்றை ஏந்தி வந்து, "இதை எங்கே வைக்க வேண்டும், ஃபாதர்?" என்று கேட்டாள். நாற்பது நிமிடங்கள் மேடையில் நின்றவளை நமக்கு அடையாளம் தெரியவில்லை. "நீ என்ன வேடம், அம்மா?" என்றோம். "மூன்றாம் காவலாள், ஃபாதர். போன வருடமும் காவலாள்தான். அதற்கு முந்தின வருடம் ஏரோதின் அரண்மனையில் நின்றேன்." வசனம் இருந்ததா என்று வினவினோம். "இருந்தது, ஃபாதர். 'உத்தரவு அரசே.'" இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். மனத்தாங்கல் ஏதுமில்லை. மூன்றாண்டுகளும் உயரமாக இருந்த காரணத்தால் காவலாளாகவே நிறுத்தப்பட்டாள் என்றும், ஒன்பதாம் வகுப்பில் மிகத் தெளிவாக வாசிப்பவள் அவளே என்றும் பின்னர் அறிந்தோம். அன்றிரவு கட்டளைச் செபம் முடிந்தும் உறக்கம் வரவில்லை.

ஆண் வேடம் ஏற்பதே பிழை என்று நாம் கூறவில்லை. நம் நாட்டு மேடையில் வேடம் இருபுறமும் மாறி வந்துள்ளது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துச் சிறுவர் நாடகக் குழுக்களில் பையன்கள் பெண்களாயினர். கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்டு நாடகக் குழு நடத்தினார். 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் நந்தனாராகவே தோன்றினார். அவர் ஏற்ற வேடத்தில் ஓர் ஆள் இருந்தான். அவனுக்கு ஓர் ஏக்கம் இருந்தது. நாம் கொடுத்த வேடத்திலோ ஈட்டியைத் தவிர வேறொன்றும் இல்லை.

இதே இக்கட்டில் நம்மினும் பெரியோர் அகப்பட்டதுண்டு. பிரான்சு நாட்டில் பதினான்காம் லூயி மன்னன் காலத்தில், வறிய பிரபுக்களின் புதல்வியருக்காக மெந்தெனோன் சீமாட்டி சேன்-சீர் என்னுமிடத்தில் பள்ளி ஒன்றை நடத்தி வந்தார். அங்கே பிள்ளைகள் ரசீன் என்னும் பெரும் நாடகாசிரியர் எழுதிய காதல் துன்பியல் நாடகம் ஒன்றை நடித்தனர். சீமாட்டி கலங்கிப் போனார். நன்றாக நடிக்கவில்லை என்றல்ல, மிக நன்றாக நடித்துவிட்டார்கள் என்று! காதல் கலவாத நாடகம் ஒன்றை எழுதித் தருமாறு ரசீனையே வேண்டினார். 1677-க்குப் பின் நாடக மேடையை விட்டு ஒதுங்கியிருந்த அவர், அதற்கு இணங்கி எழுதியதுதான் 1689-இல் அரங்கேறிய 'எஸ்தர்'. பிள்ளைகளுக்கு அவரே வசனம் சொல்லிக் கொடுத்தார். மன்னனும் அவையோரும் திரண்டு வந்தனர். இடம் கிடைப்பதே அரிதாயிற்று. அதனாலேயே வேறொரு தொல்லை முளைத்தது. பிள்ளைகளுக்குச் செருக்கு ஏறியது. அடுத்து 1691-இல் 'அத்தாலி' நாடகத்தை ஆடை அலங்காரமின்றிப் பள்ளி உடையிலேயே நடிக்கச் செய்தனர். தாடி வாடகை மிச்சம் என்று நாம் எண்ணிக் கொண்டோம்.

குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாளும் நாடகம் எழுதியவர் என்பது நம் இல்லங்களில் பலருக்குத் தெரியாது. லிசியே கார்மேல் மடத்தில் 1894 முதல் 1897 வரை, சகோதரிகள் கூடி மகிழும் நாள்களுக்கென எட்டுச் சிறு நாடகங்களை எழுதினார். 1895 சனவரியில் அவரே ஜோன் ஆர்க்காக நடித்தார். சிதைக் காட்சிக்காக வைத்திருந்த சாராய அடுப்புகளின் தீ அருகிலிருந்த திரையைப் பற்றிக்கொண்டது. அசையாதே என்று மடத்தலைவி சொல்ல, மற்றவர்கள் தீயை அணைக்கும்வரை அசையாமல் நின்றார் அந்த இருபத்திரண்டு வயதுத் துறவி. இதனைப் படித்த அன்றே நம் மேடையில் மெழுகுதிரியும் கூடாது என்று முடிவு செய்தோம்.

அடுத்த ஆண்டிற்கு என்ன நாடகம்? ரூத்து ஆகமம் நன்றுதான். முதல் அதிகாரத்தின் ஐந்தாம் வசனத்திற்குள் ஆண்கள் மூவரும் இறந்து விடுகிறார்கள்; பின்னர் மோவாபின் வழியில் நிற்போர் மூன்று பெண்கள் மட்டுமே. ஆனால் நம்மிடம் நடிக்க விரும்பியோர் முப்பதுக்கும் மேல். அப்பொழுதுதான் கொம்பியேன் நகரத்துக் கார்மேல் கன்னியர் நினைவிற்கு வந்தனர்.

1794-ஆம் ஆண்டு சூலை 17-ஆம் நாள், பிரெஞ்சுப் புரட்சியின் பயங்கர ஆட்சியில், பாரீசில் தலை வெட்டப்பட்டவர்கள் இந்தப் பதினாறு பேர். அவர்களுள் பதினான்கு பேர் துறவியர். இருவர் மடத்துப் பணிப்பெண்கள். இளையவருக்கு வயது 29. மூத்த இருவருக்கும் 78. பாடிக்கொண்டே கொலைமேடை ஏறினார்கள். பத்தே நாள்களில் ரொபெஸ்பியேரின் ஆட்சி சரிந்தது. கெர்த்ருத் வான் லெ ஃபோர்ட் அம்மையார் 1931-இல் இதனைக் கதையாக்கினார். பெர்னானோசு அதற்கு உரையாடல் எழுதினார். அவற்றைத் தமிழாக்கி நடிப்பதினும் வரலாற்றிலிருந்தே நேராக எழுதுவது மேல் எனக் கருதி, நாமே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அமர்ந்தோம். எவருக்கும் நான்கு வாக்கியங்களுக்குக் குறையக்கூடாது என்பது நாம் நமக்கே இட்ட கட்டளை.

அந்த வரலாறு நமக்கு எழுதும் வேலையே வைக்கவில்லை என்று சொல்லலாம். கைதாகும் வேளையில் வெளியூர் சென்றிருந்ததால் உயிர் பிழைத்த சகோதரி ஒருவர் யாவற்றையும் எழுதி வைத்தார். கதை சொல்லும் வேடம் அவருக்கு. தங்களிடமிருந்த சாதாரண உடைகளைத் துவைக்க ஊறவைத்திருந்த நேரத்தில் பாரீசுக்குப் புறப்படும்படி ஆணை வந்தது. ஆகவே எஞ்சியிருந்த பழைய துறவாடைகளோடே சென்றார்கள். துணி துவைக்கும் காட்சியைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. உயிரைக் காணிக்கையாக்குவோம் என்று மடத்தலைவி முன்மொழிந்தபோது அஞ்சிப் பின்வாங்கியவர்கள் வயதில் மூத்த அவ்விருவரே. அன்று மாலையே திரும்பி வந்து தாங்களும் சேர்ந்துகொள்வதாகக் கூறினார்கள். "பயப்படுகிற பாட்டி வேடம் யாருக்கு வேண்டும்?" என்று அருட்சகோதரி கேட்டபோது பதினொரு கைகள் உயர்ந்தன. மடத்தலைவி வேடத்திற்கு உயர்ந்தவை மூன்றே.

நீதிமன்றக் காட்சியில் ஆண்களைத் திரைக்குப் பின்னே குரலாக மட்டும் வைத்தோம். அரசு வழக்கறிஞர் அவர்களை மதவெறியர் என்று குற்றம் சாட்டியதும், என்றியெத் என்னும் சகோதரி எழுந்து அந்தச் சொல்லுக்குப் பொருள் என்னவென்று கேட்டார். சமயத்தின் மூடப் பழக்கங்களைப் பற்றிக்கொண்டிருப்பதே என்று விடை வந்தது. உடனே அவர் சகோதரிகளின் பக்கம் திரும்பி, விசுவாசத்தை முன்னிட்டே நாம் சாகிறோம் என்று மகிழ்ந்துரைத்தார். ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்ட அந்த இடத்தை எழுதுகையில், ஈட்டியோடு நின்ற அந்த உயரமான பெண்பிள்ளையின் முகம்தான் நம் கண்முன் நின்றது. அவளுக்கென்றே எழுதினோம்.

இதற்கிடையில் ஒரு தாயார் அறைவீட்டிற்கு வந்தார். "சாமி, மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்த நேரத்தில் சின்னவள் மேடையில் கழுத்தை நீட்டிச் சாகிற மாதிரி வேண்டாமே" என்று கண் கலங்கினார். அது வீண் அச்சம் என்று சொல்ல நாவெழுந்தது, அடக்கிக் கொண்டோம். கொலைக் கருவியை மேடையில் காட்டப் போவதில்லை. ஒவ்வொருவராகத் தலைவியின் கையிலுள்ள மாதாவின் சிறு சுரூபத்தை முத்தி செய்து வெள்ளைத் திரைக்குப் பின்னே நடந்து போவார்கள், பாட்டில் ஒரு குரல் குறையும், அவ்வளவே என்று விளக்கினோம். "அப்படியென்றால் சரி, சாமி. முத்தி செய்தால் ஆசீர்வாதம்தானே" என்று எழுந்து போனார். அவர் கேட்டதால்தான் அக்காட்சி செம்மையுற்றது. நம் முதற்படியில் செந்நீர்ப் புட்டி ஒன்று இருந்ததை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

வேடம் பிரிக்கும் நாளன்று அருட்சகோதரி பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இவள் இப்போது பத்தாம் வகுப்பு, ஃபாதர். பத்தாம் வகுப்புக்கு நாடகம் கிடையாது" என்றார். பொதுத்தேர்வை முன்னிட்டுப் பள்ளியில் நெடுநாளாக உள்ள ஒழுங்கு அது. ஆறு வாக்கியங்கள்தாமே என்று நாம் வாதாடினோம். ஒருத்திக்கு விலக்கு அளித்தால் நாளை முப்பது பெற்றோர் வருவர் என்றார். அவர் கூறியதிலும் நியாயம் இருந்தது. பிள்ளையின் தந்தையிடம் சென்றோம். மீன் வண்டியிலிருந்து இறங்கி வந்தவர் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்கள் கேட்டு இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை, சாமி. ஆனால் அவள் படித்துத் தேற வேண்டும்" என்றார். அதற்குமேல் நாம் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டுமோ என்பது இன்றுவரை நமக்குத் தெளியவில்லை.

2017-ஆம் ஆண்டு விழாவில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அந்தக் கேள்வியைக் கேட்டாள், நன்றாகவே கேட்டாள். முதலில் பாட்டை எடுக்க வேண்டிய இளைய சகோதரி அச்சத்தில் வாயடைத்து நிற்க, பயப்படும் பாட்டியாக நடித்தவள் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஒத்திகையில் இல்லாத அது மிகவும் பொருந்திவிட்டது. ஒலிவாங்கி ஒன்றுதான், கடைசிக் குரல் பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றார்கள்.

கூட்டம் கலைந்தபின் அந்த உயரமான பெண்பிள்ளை வெள்ளைத் திரையைக் கழற்றி மடிக்க உதவிக்கொண்டிருந்தாள். "நன்றாக இருந்தது, ஃபாதர்" என்றாள். சற்றுப் பொறுத்து, "அந்தச் சகோதரி உண்மையாகவே அப்படிக் கேட்டார்களா?" என்று வினவினாள். உண்மையாகவே கேட்டார், எழுதி வைத்திருக்கிறார்கள் என்றோம். "நீதிமன்றத்தில் வைத்தா?" என்றாள். ஆம் என்றோம். துணியின் மறுமுனையை நம் கையில் தந்துவிட்டு அடுத்த மடிப்பிற்கு நகர்ந்தாள். மேனிலை வகுப்பிற்கு அவள் வேறு ஊர்ப் பள்ளிக்குச் சென்றுவிட்டாள்.

1906-இல் முத்திப்பேறு பெற்றோராக உயர்த்தப்பட்ட அக்கன்னியரை, 2024 திசம்பர் 18-ஆம் நாள் அப்போதைய திருத்தந்தை பிரான்சிசு புனிதராக அறிவித்தார். அச்செய்தியைப் படித்த அன்று பழைய நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்தோம். இப்பொழுது நாமிருக்கும் பங்கிலும் பெண்பிள்ளைகளின் பள்ளி ஒன்று உண்டு. இம்முறை தலைமையாசிரியை கேட்பதற்கு முன் நாமே சென்று, பத்தாம் வகுப்பினரையும் சேர்த்துக்கொள்ள இயலுமா என்று கேட்டோம். நாளொன்றுக்கு அரைமணிக்கு மேல் ஒத்திகை கூடாது என்ற நிபந்தனையோடு இசைந்திருக்கிறார். நடிக்க விரும்புவோர் நாற்பத்திரண்டு பேர். நாடகம் இன்னும் முடிவாகவில்லை.