பழைய தொட்டியிலிருந்து எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

கலர் மீன் வளர்க்கும் பெண்கள் என்னிடம் அதிகம் கேட்பது ஒரே கேள்விதான். “புதுத் தொட்டியில விட்ட மீனு ஒரு வாரத்துலயே ஏன் சார் செத்துப்போவுது?”

நான் படித்தது வேளாண்மை, மீன்வளம் இல்லை. ஆனால் கிராமத்தில் ஜீப்பில் வந்து இறங்குகிறவர் யாராக இருந்தாலும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். என் வீட்டிலும் மகள் வைத்துவிட்டுப் போன கண்ணாடித் தொட்டி ஒன்று எட்டு வருடமாக ஓடுகிறது. தவிர, இந்தக் கேள்விக்கு மண்ணைப் படித்தவனுக்கும் பதில் தெரியும்.

போன வருடம் எங்கள் வட்டாரத்தில் ஒரு பெண் குழுக் கடன் வாங்கிப் புழக்கடையில் இரண்டு சிமென்ட் தொட்டி கட்டினார். சென்னை கொளத்தூர் போய் மோலியும் கப்பியுமாக 60 மீன் வாங்கிவந்து விட்டார். ஐந்தாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. பயந்துபோய் தினமும் தண்ணீரை மொத்தமாக இறைத்து, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து அலசினார். நான் போய்ப் பார்த்தபோது 11 மீன்தான் மிச்சம். பக்கத்து வீட்டார் கண்ணேறு என்றார்கள். அவர், “கடைக்காரன் சீக்கு மீனைக் குடுத்துட்டான் சார்” என்றார். “மாசத் தவணை கட்டணும். மறுபடி மீன் வாங்கறதா, இல்ல தொட்டிய ஆட்டுக்குத் தண்ணி காட்ட விட்டுடறதா, நீங்களே சொல்லுங்க.”

கடைக்காரர் மேல் தப்பு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வயலில் போடும் யூரியா அமோனியாவாக மாறுகிறது. அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்குகிறது, இன்னொரு வகை நைட்ரேட் ஆக்குகிறது. தொட்டியிலும் இதேதான் நடக்கிறது. மீன் செவுள் வழியாக அமோனியாவை விடுகிறது. மிஞ்சிய தீனியும் அழுகி அமோனியாவாகிறது. அமோனியா, நைட்ரைட் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா போதிய அளவு கிடையாது. தானாகப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீன் தாங்காது. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

பால் தயிராக உறை மோர் வேண்டும் இல்லையா? அந்த உறை நன்றாக ஓடும் பழைய தொட்டியில் இருக்கிறது. பழைய தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். அதில் பெரிய பயன் இல்லை. இந்த பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதைவிட ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் ஒட்டித்தான் வாழ்கிறது. அந்தப் பழுப்பு வழவழப்புதான் சரக்கு. அந்த அம்மா குழாயடியில் அலசிக் கழுவிவிட்டதும் அதைத்தான். பஞ்சாயத்துத் தண்ணீரில் இருக்கும் பிளீச்சிங் பவுடர் மிச்சத்தையும் கொன்றிருக்கும்.

என் தொட்டியில் இரண்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர் உண்டு. ஒன்றை அதே தொட்டித் தண்ணீரோடு மூடி போட்ட வாளியில் வைத்து வண்டியில் கொண்டுபோனேன். காய்ந்தால் செத்துவிடும். ஒரு நாள் திறந்து வைத்து குளோரின் போன தண்ணீரை நிரப்பி, ஒரு தொட்டியில் மட்டும் ஃபில்டரை மாட்டி அந்த 11 மீனை விட்டோம். தீனி ஒரு வேளை, ஒரு சிட்டிகை. மீன் கடையில் கிடைக்கும் சோதனைப் பட்டையில் அமோனியாவும் நைட்ரைட்டும் தெரியாத வரை புது மீன் கூடாது என்று சொன்னேன். இரண்டு வாரம் பொறுத்து 15 மீன் சேர்த்தார். கொண்டுவந்த பாக்டீரியா 11 மீனின் கழிவுக்குத் தக்கபடிதான் பெருகியிருக்கும். ஒரேயடியாக 60 மீனை விட்டால் பழைய கதைதான். அந்த 15-ல் இரண்டு செத்தது. மற்றவை நின்றன, மோலி குட்டியும் போட்டது.

ஏர் பம்ப் நிற்கக் கூடாது. தண்ணீர் கட்டிய நெல் வயலில் அடிமண்ணில் காற்றில்லாமல் இந்த வேலை நின்றுபோகிற மாதிரியே, கரண்ட் போய் மணிக்கணக்கானால் ஸ்பாஞ்சுக்குள்ளும் நின்றுவிடும். பேட்டரியில் ஓடும் சின்னப் பம்ப் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால் தொட்டித் தண்ணீரையே வாளியில் மொண்டு அதில் லேசாகப் பிழிந்தால் போதும்.

யார் தொட்டியிலிருந்து எடுக்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். வெள்ளைப் புள்ளி நோய் ஸ்பாஞ்சோடு சேர்ந்தே வந்துவிடும். ஒரு மாதத்துக்குள் புது மீன் விட்ட தொட்டி, மருந்து ஊற்றிய தொட்டி இரண்டும் வேண்டாம். ஒரே ஃபில்டர்தான் இருக்கிறது என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். கொடுத்தவர் தொட்டி கெட்டுவிடும்.

தொட்டி கட்டப்போகிறவர்கள் கொத்தனாரைக் கூப்பிடும் அன்றே ஒரு புது ஸ்பாஞ்ச் வாங்கி, தெரிந்தவர் தொட்டியில் ஓடவிட்டு வையுங்கள். புதுச் சிமென்டின் காரம் போக எப்படியும் இரண்டு மூன்று வாரம் தண்ணீர் நிரப்பி இறைத்தாக வேண்டும். அது முடிவதற்குள் ஸ்பாஞ்ச் தயாராகியிருக்கும்.