கயிறு பத்தாது

"கயிறு பத்தாதுக்கா."

அவன் இதை என்னிடம்தான் சொன்னான். என் மாமனாரிடம் சொல்லவில்லை. கொழுந்தனாரிடமும், மரம் அறுக்கிற மிஷினோடு வந்தவரிடமும் சொல்லவில்லை. டீ கொண்டுபோன என்னிடம் சொன்னான். மற்றவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர், அவனுக்குப் பேப்பர் கப். எங்கள் வீட்டில் பேப்பர் கப் யாருக்காக வாங்கி வைக்கப்படுகிறது என்பது கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். அதில் டீ ஊற்றுகிற கை என்னுடையதுதான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊர். விடிந்து பார்த்தால் தோப்பில் தென்னைகள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது, கொல்லையில் விழாமல் நின்றுவிட்ட ஒரு வேப்பமரத்தைப் பற்றி.

45 அடி உயரம் இருக்கும். அந்தக் காற்றில் அது அடுப்படிப் பக்கமாகச் சாய்ந்து, எதிர்ப்பக்கம் வேரோடு மண் வெடித்திருந்தது. வெடிப்புக்குள் என் கை முழங்கை வரை போயிற்று. அடுத்த மழைக்கு அது அடுப்படியின் மேல்தான் விழும். அப்படியே அறுத்தாலும் சாய்ந்த பக்கம்தான் போகும். அதனால் எதிர்ப்பக்கம் டிராக்டரை நிறுத்திக் கயிறு கட்டி இழுப்பது என்று முடிவானது. என் கணவர் சிங்கப்பூரில். முடிவெடுத்தது மாமனாரும் கொழுந்தனாரும் தெருவில் வேலை இல்லாமல் நின்ற நான்கைந்து ஆண்களும். கரண்ட் இல்லாமல் பள்ளிக்கூடமும் இல்லாமல் இருந்த நாட்கள். வேடிக்கைக்குச் சின்னப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள்.

வண்டி மரத்தைப் பிடுங்கி எறியும் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். உண்மையில் வண்டியின் வேலை குறைவு. விழவேண்டிய பக்கத்தில் அடிமரத்தில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து அறுத்துக்கொண்டு வருவார்கள். நடுவில் கொஞ்சத்தை அறுக்காமல் விடவேண்டும். கதவுக்குக் கீல் மாதிரி அது. அந்தக் கீல் திசை காட்டும், கயிறு தள்ளிவிடும், அவ்வளவுதான். அறுத்து முடிவதற்குள் அவசரப்பட்டு இழுத்தால் மரம் நெடுக்காகப் பிளந்து மேலே எகிறும். வெட்டி வெட்டி இழுத்தால் கயிறு அறுந்து சாட்டை மாதிரி திரும்பும். லோ கியரில் ஒரே சீராக நகரவேண்டும்.

இதெல்லாம் அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தது. இருபத்திரண்டு வயது இருக்கும். பெயரை எழுதப்போவதில்லை. கொழுந்தனார் கயிற்றை டிராக்டரின் பின்னால் மேலே, டாப் லிங்க் மாட்டுகிற இடத்தில் கட்டச் சொன்னார். சும்மா இறுக்கிப் பார்த்தபோதே முன்சக்கரம் ஒரு சாண் மேலே எழும்பியது. அவன் ஒன்றும் பேசாமல் இறங்கிவந்து, அவிழ்த்து, கீழே கொக்கியில் கட்டினான். பின் அச்சுக்கு மேலே இழுவை விழுந்தால் டிராக்டர் மல்லாந்துவிடும், ஓட்டுகிறவன் அடியில் போவான். தன் கையால் சரிசெய்ய முடிந்ததை அவன் கேட்காமலே சரிசெய்தான். கயிற்றின் நீளத்தை அவனால் சரிசெய்ய முடியாது. அது எங்கள் வீட்டுக் கயிறு.

நான் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். முக்கோணவியலில் உயரமும் தொலைவும் என் கையால் எத்தனை கரும்பலகைகளில் எழுதப்பட்டிருக்கிறது! கயிறு 50 அடி. இரண்டு முனையிலும் முடிச்சுக்கு 6 அடி போனால் 44. மரத்தில் கட்டியிருந்தது 25 அடி உயரத்தில். பித்தாகரஸ் போட்டால் வண்டி நிற்கும் தூரம் ஏறக்குறைய 36 அடி. மரம் 45 அடி. டீ டம்ளர்களை அடுக்கிக்கொண்டே மனசுக்குள் போட்டுவிட்டேன். அவன் சொல்வதற்கு முன்பே போட்டிருந்தேன் என்றுகூட நினைக்கிறேன். மரம் விழுகிற பாதைக்குள் வண்டி நிற்கிறது. வண்டியின் முதுகு மரத்தைப் பார்த்திருக்கிறது. அவன் முதுகும்.

"ஐயாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா" என்றான்.

போனேன். மாமனார் கூட்டத்துக்கு நடுவில் நின்று, முன்னொரு காலத்தில் புளியமரம் சாய்த்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தட்டோடு பக்கத்தில் நின்றேன். பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"என்ன, டீ இன்னும் இருக்கா?"

"இருக்கு மாமா" என்றேன்.

அவ்வளவுதான். உள்ளே போய் இன்னும் நாலு டம்ளர் ஊற்றினேன்.

மரம் அசைந்தது. ஈர மண்ணில் டிராக்டரின் பின்சக்கரம் வழுக்கிச் சுற்றியது. நான்கு அடி நகர்ந்திருக்குமா தெரியவில்லை. கொப்புகள் வண்டியின் மேல் வந்து விழுந்தன. அவன் இடப்பக்கம் குதிக்கப் பார்த்திருக்கிறான், கால் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் கம்பி வைத்தார்கள். அடுப்படி ஓட்டில் ஒன்றுகூட உடையவில்லை.

அன்று ராத்திரியே காரணங்கள் வந்துவிட்டன. பையன் பயந்துட்டான் என்றார் கொழுந்தனார். கிளட்சை விட்ட விதம் சரியில்லை என்றார் ஒருவர். "வேப்பமரத்துல கைய வச்சா அவ சும்மா விடுவாளா" என்றார் அத்தை. நேரம் சரியில்லை, மண் சரியில்லை, ஆள் சரியில்லை. கயிறு என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. நானும்தான். மாமனார் ஆஸ்பத்திரிக்கு 20,000 ரூபாய் கொடுத்தார். அதோடு பேச்சு முடிந்தது. புயல் நிவாரணமாகத் தென்னைக்கு 1,100 ரூபாய் கணக்கில் பட்டாதாரர் பெயருக்குப் பணம் வந்தது. பட்டா மாமனார் பெயரில். தோப்புக்கு வாங்கிய கூட்டுறவுக் கடனை மாதாமாதம் கட்டியது என் சம்பளம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் கொல்லையில் எனக்குப் பேச உரிமை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள இது வசதியாக இருந்தது.

பெண்கள் கூட்டங்களில் நான் பேசியிருக்கிறேன். எங்களைப் பேச விடுவதில்லை என்று பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் அன்றைக்கு யாரும் என் வாயைப் பொத்தவில்லை. என்ன என்று கேட்கவே செய்தார்கள். 'வாத்திச்சி கணக்குப் போட வந்துட்டா' என்று நாலு பேர் சிரிப்பார்கள். நான் பயந்தது அந்தச் சிரிப்புக்கு. என்னைவிடப் பேச வழியில்லாத ஒருவன், அந்த வீட்டில் தனக்குக் கிடைத்த ஒரே காது என்று நம்பி என்னிடம் கொடுத்த வார்த்தை அது. அதை நான் டீயாக மாற்றிவிட்டேன்.

2022-இல் இன்னொரு மரம். வேலியோரத்து வாகை, தெருவின் கரண்டுக் கம்பிப் பக்கம் சாய்ந்துகொண்டே வந்தது. மறுபடியும் டிராக்டர், மறுபடியும் அதே கயிற்றை எடுத்து உதறினார் கொழுந்தனார். இந்த முறை தட்டை வைத்துவிட்டுப் போனேன். "இந்தக் கயிறு பத்தாது. மரத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி வண்டி நிக்கணும். இல்லேன்னா இன்னைக்கு இழுக்க வேணாம்" என்றேன். குரல் நடுங்கியது, அதை மறைக்கவில்லை. சிரித்தார்கள். எதிர்பார்த்த அளவுக்கு வலிக்கவில்லை. அல்லது நான்கு வருடம் முன்பே வலித்து முடிந்திருக்கலாம்.

சதுரத் தாளைக் குறுக்கே மடித்தால் 45 டிகிரி. அதன் சாய்ந்த விளிம்பு வழியாக மர உச்சி தெரிகிற இடம்வரை பின்னால் நடந்தேன். அந்தத் தூரத்தோடு என் கண் உயரத்தையும் கூட்டினால் மரத்தின் உயரம்: 40 அடி. 60 அடியில் கோலமாவால் ஒரு கோடு இழுத்தேன். "அண்ணி மரத்துக்குக் கோலம் போடுறாங்க" என்றார் கொழுந்தனார். மல்லிப்பட்டினத்தில் விசைப்படகு வைத்திருக்கிற என் மாணவியின் அப்பாவிடம் கேட்டு 120 அடி வடம் வாங்கிவந்தோம். அரை நாள் போயிற்று. அரை நாளுக்கான டிராக்டர் வாடகையை நான் கொடுத்தேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு புளியமரம். அதன் அடியில் பெரிய கப்பியைக் கட்டி, வடத்தை அதில் திருப்பி, வண்டியைப் பக்கவாட்டில் நிறுத்தினோம். இப்படிச் செய்தால் மரம் ஒரு திசையில் வரும், வண்டி வேறு திசையில் போகும். ஆனால் கப்பி கட்டிய மரத்துக்கு இழுவை கிட்டத்தட்ட இரண்டு மடங்குவரை போகலாம், அதனால் அது நல்ல மரமாக இருக்கவேண்டும். வடம் மடங்குகிற மூலைக்கு உள்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. கப்பி பிய்த்துக்கொண்டால் அங்கேதான் பாயும். மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தினோம். பிள்ளைகளைத் திண்ணைக்கு அனுப்பினேன். சைகை காட்டுவது ஒரே ஆள் என்று சொன்னேன். அந்த ஆள் நான் இல்லை, மிஷின்காரர். எல்லாவற்றையும் நான் செய்தேன் என்று எழுத ஆசைதான்.

வாகை படுத்தது. கோட்டுக்குப் பல அடி முன்னாலேயே உச்சி நின்றுவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் நடக்காதபோது சொல்வதற்கு என்ன இருக்கிறது? "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்" என்றார் மாமனார், சாப்பிடும்போது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். நான்கு வருடத்தில் மூன்றாவது முறை. இப்போது டிராக்டர் ஓட்டுவதில்லை. கிளட்சை மிதிக்கும்போது இடது கால் விண்விண் என்கிறதாம். பேராவூரணியில் ஒரு ஒர்க் ஷாப்பில் உட்கார்ந்து செய்கிற வேலை. அவன் அம்மா எவர்சில்வர் டம்ளரில் டீ கொடுத்தார். குடித்தேன். அன்றைக்கு நான் மாமனாரிடம் சொல்லவே இல்லை என்பதை முதல்முறையாக அவனிடம் சொன்னேன்.

"தெரியும்க்கா" என்றான். "நீங்க திரும்ப உள்ள போனத பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

வெளியே ஆடு ஒன்று கத்தியது. அவன் அம்மா எழுந்து போனார். கொஞ்ச நேரம் கழித்து அவனே கேட்டான்.

"இந்தத் தடவ எத்தன அடி வாங்குனீங்க?"

"நூத்தி இருபது."

"கப்பி போட்டீங்களா?"

"போட்டோம்."

"எதுல கட்டுனீங்க?"

"வேலியோரத்துப் புளியமரத்துல."

தலையை ஆட்டினான். "அது தாங்கும்" என்றான்.