ஸ்கேன்ல ஒண்ணுமில்லையாம்

2005 கோடை லீவு. எனக்கு எட்டு வயசு. திண்டுக்கல் பாட்டி வீட்டுத் திண்ணையில உட்கார்ந்திருந்தேன். ஆட்டோவுல இருந்து இறங்கும்போதே பாட்டி சத்தமா சொன்னாங்க, "ஸ்கேன்ல ஒண்ணுமில்லையாம்!" பின்னாடியே சின்ன மாமா, கையில ஒரு பெரிய பழுப்புக் கவரோட. உள்ள அவரோட மூளை. அதாவது சி.டி. ஸ்கேன் ஃபிலிம்.

நல்ல செய்திதானே? ராத்திரி சாப்பாட்டுக்குள்ள அது குற்றச்சாட்டா மாறிடுச்சு. "மூளையில ஒண்ணுமில்லேன்னா அப்புறம் ஏன்டா இப்படிப் பண்றே? வேணும்னுதானே பண்றே?" மாமா பதில் சொல்லல. தட்டுல கை கழுவிட்டு மாடிக்குப் போயிட்டார். கவர் பீரோ மேல போச்சு. இன்னும் அங்கதான் இருக்கு.

மாமா ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை வச்சிருந்தவர். ஐ.டி.ஐ. படிப்புதான், ஆனா பொட்டி தட்டுற எனக்கு இன்னிக்கு வரைக்கும் வராத ஒரு வித்தை அவர் கையில இருந்துச்சு: சால்டரிங். இருபத்தஞ்சு வயசு வாக்குல அவருக்கு வண்டி நம்பர் மேல கவனம் போக ஆரம்பிச்சது. கடை முன்னாடி போற டிஎன் 57 வண்டியெல்லாம் டைரியில ஏறும். 2340ன்னா கூட்டினா ஒன்பது. ஒன்பது வந்தா யாரோ தன்கிட்ட ஏதோ சொல்றாங்கன்னு அர்த்தம். முதல்ல குணசீலம் கோயில்ல 48 நாள் இருந்தாங்க. அப்புறம்தான் டாக்டர். ஸ்கிசோஃப்ரினியா, தமிழ்ல மனச்சிதைவு. மருந்து ஹாலோபெரிடால். டோஸ் ஏறி ஏறி ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம்ல நின்னுச்சு.

வண்டி நம்பர் நின்னுடுச்சு. கூடவே கையும் போச்சு. நடுக்கம். நடை மரக்கட்டை மாதிரி. முகத்துல சிரிப்பே வராது. சால்டரிங் அயர்ன் பிடிக்க முடியாம கடையை மூடினாங்க.

இதெல்லாம் இப்ப எதுக்குன்னா, போன வருஷம் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிச்சோம். ஒரு வீட்டுல மாமா விஷயத்தை எப்படியோ விசாரிச்சுட்டு நைசா நழுவிட்டாங்க. அன்னிக்கு அம்மா ஃபோன்ல கேட்டாங்க, "இப்பல்லாம் மூளையில இருக்கற கெமிக்கலையே ஸ்கேன்ல பார்க்கறாங்களாமேடா? நம்ம புள்ளைக்கு எடுத்து ஒண்ணுமில்லேன்னு காட்டிட்டா?" பதில் தெரியல. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் ராத்திரி ராத்திரியா படிச்சதுதான் கீழ வர்றது. டெக்னிக்கலா இருக்கும், கொட்டாவி வந்தா மன்னிச்சுக்கோங்க மக்களே :-)

சி.டி. ஸ்கேன் மூளையோட வடிவத்தைக் காட்டும். கட்டி, ரத்தக்கசிவு இருந்தா தெரியும். மனச்சிதைவை அதுல தேடறது, மதர்போர்டை ஃபோட்டோ எடுத்து புரோகிராம்ல பக் தேடற மாதிரி. பார்க்க வேண்டியது டோபமைன்ங்கற ரசாயனத்தையும், அது போய் உட்கார்ற ரிசப்டர்களையும். அதுல டி2ன்னு ஒரு வகைதான் இங்க முக்கியம். 1970-கள்லேயே ஒண்ணு தெரிஞ்சிருந்துச்சு: இந்த நோய்க்கான மருந்துகள் எந்த அளவுக்கு டி2-வை இறுக்கிப் பிடிக்குதோ, அந்த அளவுக்குக் குறைஞ்ச டோஸ் போதும். ஆனா அதெல்லாம் சோதனைக்குழாய்ல பார்த்தது. உயிரோட இருக்கற மனுஷன் தலைக்குள்ள எப்படிப் பார்க்கறது?

அதுக்குத்தான் பெட் ஸ்கேன். நம்ம ஊர்ல கேன்சருக்கு எடுப்பாங்களே, அதே மெஷின்தான். ஊசியில போற பொருள்தான் வேற. டி2-ல போய் ஒட்டிக்கற ஒரு மூலக்கூறுல கதிரியக்கக் கார்பன்-11 அணுவைச் சேர்த்து ரத்தத்துல ஏத்துவாங்க. அந்த அணு சிதையும்போது ஒரு பாசிட்ரான் வெளிய வரும், பக்கத்து எலக்ட்ரான்ல மோதி ரெண்டும் அழியும், எதிரெதிர் திசையில ரெண்டு காமா கதிர் பறக்கும். தலையைச் சுத்தி வட்டமா இருக்கற டிடெக்டர்கள் அதைப் பிடிக்கும். எங்கிருந்து நிறைய வருதோ அங்க ரிசப்டர் நிறைய. கார்பன்-11-க்கு அரை ஆயுள் 20 நிமிஷம்தான். அதனால பக்கத்துலயே சைக்ளோட்ரான் வச்சு, உடனுக்குடனே தயார் பண்ணி ஏத்தணும். நம்ம ஊர் டீக்கடை மாதிரி, போட்ட சூட்டோட குடிச்சாத்தான்.

முதன்முதலா இப்படி டோபமைன் ரிசப்டரைப் படம் பிடிச்சது 1983 மே மாசம், அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல. படம் யாரோட தலைன்னு நினைக்கறீங்க? அந்த ஆய்வுக்குழுத் தலைவர் ஹென்றி வாக்னரோடதே. 56 வயசுல மனுஷன் தானே போய்ப் படுத்துக்கிட்டார்.

1986-ல அதே ஹாப்கின்ஸ் குழு, மருந்தே எடுக்காத நோயாளிகளுக்குக்கூட டி2 ரிசப்டர் ரொம்ப அதிகம்னு சொன்னாங்க. படிச்சதும் எனக்கு ஒரே குஷி. பாட்டி உயிரோட இருந்திருந்தா பிரிண்ட் எடுத்துட்டுப் போய்க் காட்டியிருப்பேன். ஆனா ஸ்டாக்ஹோம்ல கரோலின்ஸ்கா ஆட்கள், லார்ஸ் ஃபார்டே தலைமையில, ராக்லோபிரைடுன்னு வேற மூலக்கூறை வச்சுப் பார்த்தாங்க. மருந்து எடுக்காத 18 நோயாளிகள், 20 ஆரோக்கியமானவங்க. 1990-ல வந்த முடிவு: வித்தியாசமே இல்ல! ரெண்டு மூலக்கூறும் ஒட்டற விதம் வேறங்கறது ஒரு காரணம். பின்னாடி பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததுல, வித்தியாசம் இருந்தாலும் சின்னதுதான்னு ஆச்சு.

கோளாறு ரிசப்டர் எண்ணிக்கையில பெருசா இல்ல, டோபமைன் வர்ற வேகத்துலதான்னு அப்புறம் புரிஞ்சது. இதைக் கண்டுபிடிச்ச விதம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. உடம்புல இருக்கற டோபமைனைத் தற்காலிகமா மருந்து கொடுத்து வடிச்சிட்டா, அது உட்கார்ந்திருந்த ரிசப்டரெல்லாம் காலியாகி ஸ்கேன்ல புதுசா தெரியும். எவ்வளவு புதுசா தெரியுதோ, அவ்வளவு டோபமைன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்துச்சுன்னு அர்த்தம். 2000-ல அனிஸ்ஸா அபி-தர்காம் குழு செஞ்சதுல ஆரோக்கியமானவங்ககிட்ட 9%, நோயாளிகள்கிட்ட 19%. பஸ்ஸுல எத்தனை பேர் இருந்தாங்கன்னு தெரியணுமா, எல்லாரையும் இறக்கிவிட்டுட்டு சீட்டை எண்ணு. அவ்வளவுதான்!

டோபமைன் பண்ற வேலைகள்ல ஒண்ணு, 'இது முக்கியம், கவனி'ன்னு ஒரு விஷயத்துக்கு முத்திரை குத்தறது. அது காரணமே இல்லாம பொங்கினா, சும்மா போற பஸ்ஸும் முக்கியமாத் தெரியும்னு 2003-ல ஷிதிஜ் கபூர்ங்கற மனநல மருத்துவர் எழுதினார். படிச்சப்போ டிஎன் 57 டைரி அப்படியே கண்ணு முன்னாடி வந்துச்சு.

அப்ப அம்மா கேள்விக்குப் பதில்? முடியாது. 19, 9ங்கறது சராசரி. தனித்தனி ஆளா பார்த்தா ரெண்டு கூட்டமும் ஒண்ணுமேல ஒண்ணு படியுது. ஒரு ஆளைப் படுக்கவச்சு ஸ்கேன் எடுத்து 'இருக்கு', 'இல்ல'ன்னு இன்னிக்கும் சொல்ல முடியாது. தங்கச்சிக்கு சர்ட்டிஃபிகேட்டும் கிடைக்காது, பாட்டிக்குக் காட்ட நான் தேடின அந்த ஒரு படமும் கிடையாது. போதாததுக்கு, 2012-ல லண்டன்ல பார்த்ததுல, வழக்கமான மருந்து கேட்காத நோயாளிகளுக்கு டோபமைன் உற்பத்தி அதிகமாவே இல்லையாம். எல்லாரோட மனச்சிதைவும் ஒண்ணு இல்ல போல.

ஆனா இந்த ஸ்கேன் வேற ஒண்ணைக் காட்டிக் கொடுத்துச்சு. மருந்து எத்தனை சதவீத ரிசப்டரை மூடுதுன்னு. டொராண்டோவுல மேல சொன்ன அதே கபூர் குழு, முதல் தடவை நோய் வந்த 22 பேருக்கு ஹாலோபெரிடால் கொடுத்துப் பார்த்தாங்க. டோஸ் எவ்வளவு? ஒரு நாளைக்கு 1 இல்லேன்னா 2.5 மில்லிகிராம்ல ஆரம்பம். டி2-ல சுமார் 65% மூடினா குணம் தெரிய ஆரம்பிக்குது. 78% தாண்டினா நடுக்கம், விறைப்பு ஆரம்பிக்குது. நடுவுல இருக்கற சந்து அவ்வளவுதான்.

நான் உடனே எக்செல் திறந்தேன் (வேற என்ன தெரியும் நமக்கு). டோஸுக்கும் மூடற சதவீதத்துக்கும் நேர்கோட்டு உறவு கிடையாது, மேல போகப் போகத் தட்டையாகிற வளைவு. தோராயமா 1 மில்லிகிராம் பாதியை மூடும்னு வச்சுக்கிட்டு போட்டேன். 3-க்கு 75%. 10-க்கு 91%. 20-க்கு 95%. அதாவது கடைசிப் பத்து மில்லிகிராம் மாமாவுக்குக் கொடுத்தது நாலு சதவீதம். அந்த நாலு சதவீதத்தால ஒரு பலனும் இருந்திருக்காது. கை எப்பவோ போயிடுச்சு.

டொராண்டோ முடிவு வந்தது 2000-ல. மாமாவுக்கு 20 ஆக்கினது 2003-ல. அந்த டாக்டர் பேரைச் சொல்ல மாட்டேன். ஒரு நாள்ல எத்தனை நோயாளி பார்த்தாரோ, யார் கண்டா. ஆனா கோபம் இருக்கு. அந்த ராத்திரி லேப்டாப்பை மூடிட்டு ரொம்ப நேரம் மொட்டைமாடியில நடந்துட்டிருந்தேன். (இதைப் படிச்சுட்டு யாரும் வீட்டுல இருக்கறவங்க மாத்திரையைத் தானா குறைச்சிடாதீங்க. என் வளைவு வெறும் கணக்கு. டாக்டர்கிட்ட கேளுங்க, ஆனா கட்டாயம் கேளுங்க.)

2011-ல வேற டாக்டர். அவர் ஸ்கேன் எதுவும் எழுதல. மாமாவை நடக்கச் சொன்னார், கையை நீட்டச் சொன்னார். எட்டு மாசத்துல மெதுவா 3 மில்லிகிராமுக்குக் கொண்டு வந்தார். நம்பர் திரும்பி வரல. நடுக்கம் முழுசா போகல, ஆனா டம்ளர் டீ சிந்தாம வாய்க்குப் போகுது. கடை போனது போனதுதான். இப்ப பக்கத்து வீடுகள்ல மிக்ஸி ஒயர் மாத்திக் கொடுக்கறார்.

போன ஞாயித்துக்கிழமை மாமாகிட்ட ஃபோன்ல இதெல்லாம் சொன்னேன். 'ம்'னு கேட்டுட்டே இருந்தார். வாக்னர் தன் தலையிலேயே பண்ணிக்கிட்டதைச் சொன்னப்போ நிறுத்தினார்.

"அந்த ஆளுக்குக் கை நடுங்குச்சாடா?"

"இல்ல மாமா. ஸ்கேனுக்கு ஏத்தறது ரொம்பத் துளியூண்டு. ஒண்ணும் பண்ணாது."

"அப்ப சரி"ன்னார். அம்மாகிட்ட ஃபோனைக் கொடுக்கச் சொன்னார்.