சிலையில் யார் முகம்?

1786-ஆம் ஆண்டு பினாங்கில் தரையிறங்கிய கப்பல் தலைவர் பிரான்சிஸ் லைட்டைப் பற்றி ஒரு கதை உண்டு. கரையோரக் காடு அடர்ந்து கிடந்தது. வெட்ட வந்தவர்கள் சலித்துப் போனார்கள். லைட் பீரங்கியில் வெள்ளிக்காசுகளைத் திணித்துக் காட்டுக்குள் சுட்டாராம். காசைத் தேடிப் போனவர்கள் புதர்களை வெட்டிக்கொண்டே சென்றார்களாம், நிலமும் வெளியானதாம்! இக்கதையில் சான்றைவிடச் சுவையே அதிகம். ஆனாலும், இப்படியொரு விசித்திரமான காரியத்தைச் செய்யக்கூடியவர்தாம் என்று மக்கள் அவரைப் பற்றி நம்பியிருக்கிறார்கள்.

மூதாதையர் ஒருவரின் வாழ்க்கையைத் தேடுவோர் இத்தகைய கதைகளைக் கேட்டுக்கொண்டு, பிறகு ஆவணங்களையும் புரட்ட வேண்டும். லைட் இங்கிலாந்தின் சஃபோக் வட்டாரத்தைச் சேர்ந்தவர். தாய் மேரி லைட். பிள்ளைக்குத் தாயின் குடும்பப் பெயரே வந்தது. வில்லியம் நீகஸ் என்ற நிலக்கிழாரே தந்தை என்பர். கடற்படையில் சேர்ந்த லைட், பின்னர் கிழக்கு நாடுகளில் வணிகரானார். 1794 அக்டோபர் 21-இல் ஜார்ஜ்டவுனில் இறந்தார். அவருடைய கல்லறை இன்றும் சுல்தான் அமாட் ஷா சாலையோர இடுகாட்டில் இருக்கிறது.

அதே ஆண்டு அவர் எழுதிய கடிதம் ஒன்று தமிழர்களுக்கு முக்கியமானது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் இங்கே குடியேறியிருப்பதாகவும், ஆண்டுதோறும் கப்பல்கள் 1,300 முதல் 2,000 பேரை ஏற்றி வருவதாகவும் அதில் குறிப்பிட்டார். அவர்கள் கடைக்காரர்களாகவும் கூலியாள்களாகவும் உழைத்துச் சில காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அந்த வரிகளில் எண்ணிக்கை இருக்கிறது, பெயர்கள் இல்லை. தம் கொள்ளுப்பாட்டனாரைத் தேடும் பினாங்குத் தமிழர் அங்கே திகைத்து நிற்க வேண்டியதுதான்.

லைட்டின் குடும்பத்திலேயே அப்படி மறைந்துபோனவர் ஒருவர் உண்டு. 1772 முதல் தம்முடன் வாழ்ந்துவந்த மார்ட்டினா ரோசல்ஸ் என்பவருக்கு மிளகுத் தோட்டத்தையும் வீட்டையும் விட்டுச் செல்வதாக லைட் தம் உயிலில் எழுதினார். மார்ட்டினா யார்? கெடா அரச குடும்பத்தவர் என்கிறார் ஒருவர். போர்த்துகீசிய, சயாமிய வழியில் வந்தவர் என்கிறார் மற்றொருவர். சொத்தோ பிறர் கைக்குப் போய்விட்டது.

அவர்களின் மகன் வில்லியம் 1786-இல் கெடாவில் பிறந்தார். சிறுவயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகருக்கு இடம் தேர்ந்தெடுத்து வரைபடம் தீட்டியவர் அவர்தாம். தந்தை ஒரு நகரம், மகன் ஒரு நகரம்!

1936-இல் பினாங்கின் 150-ஆம் ஆண்டு நிறைவுக்காக லைட்டுக்கு வெண்கலச் சிலை வார்த்தார்கள். அப்போதுதான் ஒரு சிக்கல் எழுந்தது. லைட்டின் உருவப்படம் எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே, வில்லியமின் உருவத்தைப் பார்த்துத் தந்தையின் சிலையைச் செய்தார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் பல ஆண்டுகள் நின்ற அச்சிலையைத் தந்தையின் முகம் என்று எண்ணியே மக்கள் படம் பிடித்தார்கள். வில்லியமோ மார்ட்டினாவின் பிள்ளை. படமும் கல்லறையும் அறியப்படாத அந்தத் தாயின் சாயலும் அந்த வெண்கலத்தில் கொஞ்சம் கலந்திருக்கும் அல்லவா?