இரு தாலாட்டுகள்

பார்வை மங்கியவராகவே 1870இல் பிறந்த லூயி வியேர்ன், பாரிசு நோத்ர தாம் பேராலயத்தில் 1900 முதல் 1937 வரை ஆர்கன் இசைத்தவர். 1913இல் அவர் இயற்றிய 24 சிறு உருப்படிகளுள் ஒன்று, தொட்டிலசைவு போன்று அமைதியாக நகரும் தாலாட்டு. பிரெஞ்சுத் தாய்மார் பாடிய பழம்பாட்டே அதன் கரு. ஆர்மோனியத்திலும் வாசிக்கலாம் என்றே எழுதினார். பெருங்கருவிக்கு உரியவர் எளிய கருவியை மறவாதது பெரிது.

1842இல் பாரிசில் தெபேன் உரிமம் பெற்ற அவ்வார்மோனியம், இந்தியாவில் கைத்துருத்திப் பெட்டியாக உருமாறி, நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பசனைக்குத் துணைநின்றது. தாலாட்டும் அங்கு உண்டு. ஆனால், விடியுமுன் பெரட்டுக்கு விரைந்த தாய் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுப் பால்மரம் வெட்டப் போனாள். தாலாட்டு மாலைக்கென ஒதுங்கியது. பின்னர் ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை வந்தது, லயங்கள் கலைந்தன. வியேர்னின் தாலாட்டு அச்சேறி நிற்கிறது. தோட்டத்துத் தாலாட்டோ, சிரம்பானுக்கும் பகாவுக்கும் குடிபெயர்ந்த பாட்டிமாரின் நினைவில், எழுதிக்கொள்வாரை எதிர்நோக்கி இருக்கிறது.